இரண்டு திரை வேண்டும். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

"அந்தக் கார்டு எதுக்குங்க டீச்சர்?"

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். எதையும் சட்டென்று கேட்டுவிடுவார். முன்னாள் மாணவர்கள் சிலர், பெரும்பாலும் லாரித் தொழிலில் இருப்பவர்கள், காணொலிப் பாடம் தயாரிக்க ஒரு மானிட்டரும் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு நான் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தேன். செலவுக் கணக்கை வாசித்தபோதுதான் அவர் கேட்டார்.

"இரண்டு மானிட்டர் போடறதுக்குங்க" என்றேன்.

"அது இல்லாட்டி போட முடியாதுங்களா?"

முடியாது என்றுதான் சொன்னேன். அந்தப் பதில் தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அந்த மூன்று வாரம் பெரிய இழப்பு. பள்ளிக்காகவோ வீட்டிலோ காணொலி தயாரிக்கும் ஆசிரிய நண்பர்கள் பலர் இதே குழப்பத்தில் இருப்பதைப் பார்க்கிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைப் பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எதற்காக இரண்டு திரை?

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே ஊரடங்கு வந்தது. அப்போது கைப்பேசியை முக்காலியில் கட்டி வைத்துப் பாடம் பதிவு செய்யத் தொடங்கிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. பள்ளி திறந்ததும் பலர் விட்டுவிட்டார்கள். நான் விடாததற்குக் காரணம், பிறகு எங்கள் பள்ளியில் சேர்ந்த அந்த மாணவி. அவளுக்குச் செவித்திறன் குறைபாடு உண்டு. முன் பெஞ்சில் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்தே பாடத்தைப் பிடித்துக்கொள்வாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவளுக்குப் பாடம் நின்றுவிடும்.

அவளுக்காக அறிவியல் பாடக் காணொலிகளில் தமிழ் வசன வரி சேர்க்க ஆரம்பித்தேன். ஒலி எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறதோ, அதே நொடிக்கு வரியும் வந்து போக வேண்டும். ஒரே திரையில் இந்த வேலையைச் செய்தால், படத்தைப் பார்க்கும்போது எழுத்து மறைந்துவிடும்; எழுத்தைத் தட்டும்போது காலக்கோடு மறைந்துவிடும். பத்து நிமிடக் காணொலிக்கு வரி சேர்க்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் போனது. ஒரு திரையில் எடிட்டிங் மென்பொருள், இன்னொன்றில் பாடநூலின் பிடிஎப்பும் வசன வரிகளும் இருந்தால் வேலை பாதியாகும். இரண்டாவது திரை எனக்கு வேண்டியிருந்தது இதற்காகத்தான்.

நான் செய்த தவறு

எங்கள் கணினியில் இருப்பது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம். ஏற்கெனவே இருந்த மானிட்டர் விஜிஏ கேபிளில் இணைவது. புதிதாக வந்தது எச்டிஎம்ஐ. "இரண்டு மானிட்டர் என்றால் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும்" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பி, இருப்பதில் மலிவாக ஒரு 2 ஜிபி கார்டை வாங்கினேன்.

கார்டைப் பொருத்தியபோது முதல் அதிர்ச்சி. அதன் பின்புறம் எச்டிஎம்ஐ ஒன்றும் டிவிஐ-டி ஒன்றும்தான் இருந்தன; விஜிஏ இல்லை. பழைய மானிட்டரின் கேபிளை முன்பு போலக் கணினியின் மதர்போர்டிலேயே செருகிப் பார்த்தேன். படமே வரவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி அன்று மாலை வந்தது. எடிட் செய்த காணொலியை இறுதிக் கோப்பாக மாற்றுவதை 'எக்ஸ்போர்ட்' என்கிறோம். பன்னிரண்டு நிமிடப் பாடத்துக்கு முன்பு ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆகும். கார்டு போட்ட பிறகு பதினெட்டு நிமிடம் ஆனது. பணம் கொடுத்து வாங்கிய கருவி வேலையை மெதுவாக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மென்பொருளை மீண்டும் நிறுவினேன், டிரைவரை மாற்றினேன், விண்டோஸையே அழித்துப் போட்டேன். இதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. தயாராகியிருக்க வேண்டிய மூன்று பாடக் காணொலிகள் தயாராகவில்லை. வசன வரி இல்லாமலேயே அவள் தேர்வுக்குப் போனாள்.

கடைசியில் நாமக்கல்லில் கணினி பழுதுபார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். கார்டைக் கழற்றி மேசையில் வைத்தான். ஒரு மானிட்டரை மதர்போர்டின் விஜிஏவிலும் இன்னொன்றை அதே மதர்போர்டின் எச்டிஎம்ஐயிலும் செருகினான். இரண்டு திரையும் எரிந்தன.

"டீச்சர், இதுக்குக் கார்டே வேண்டாமுங்க. போர்டுலயே ரெண்டு வழி இருக்குதுல்லங்க" என்றான்.

எக்ஸ்போர்ட் நேரமும் மறுபடி ஆறு நிமிடத்துக்கு வந்தது.

கிராபிக்ஸ் செய்யும் மூன்று வேலைகள்

ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொள்ள, கிராபிக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வதை மூன்று தனி வேலைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, படத்தைத் திரைக்கு அனுப்புவது. இது எவ்வளவு எளிய வேலை என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். முழு எச்டி திரையில் 1920 × 1080 = 20,73,600 படப்புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு திரைப் படத்துக்கு ஏறக்குறைய 8.3 எம்பி நினைவகம். இரண்டு திரைக்கு 16.6 எம்பி. 'இரண்டு மானிட்டருக்கு 4 ஜிபி கார்டு வேண்டும்' என்று சொல்வது, ஒரு குடம் தண்ணீருக்கு லாரித் தண்ணீர் சொல்வது போன்றது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு இது ஒரு சுமையே இல்லை. இன்டெல்லில் இரண்டாம் தலைமுறைப் பிராசசரின் உள் கிராபிக்ஸே இரண்டு திரைகளை இயக்கும். மூன்றாம் தலைமுறையிலிருந்து மூன்று திரைகள் வரை இயக்கும். மதர்போர்டில் அதற்கான துளைகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை, காணொலியை விரிப்பதும் சுருக்குவதும். கைப்பேசியில் எடுத்த காணொலி சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும். எடிட் செய்யும்போது அதை விரிக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது மீண்டும் சுருக்க வேண்டும். சுருக்குவதற்கென்றே சிப்புக்குள் இருக்கும் தனிப் பகுதியை 'என்கோடர்' என்பார்கள். இன்டெல் பிராசசர்களின் உள் கிராபிக்ஸில் இது 'குயிக் சிங்க்' என்ற பெயரில் இருக்கிறது.

மூன்றாவது வேலை, கணக்கிடுவது. முப்பரிமாண உருவங்களை உருவாக்குவது, வண்ணத் திருத்தம், மங்கலாக்கல் போன்ற விளைவுகளைச் சேர்ப்பது எல்லாம் இதில் அடங்கும். தனிக் கார்டின் உண்மையான பலம் இங்கேதான் தெரியும்.

எனக்குத் தேவைப்பட்டவை முதல் இரண்டு வேலைகள். இரண்டுமே என் பிராசசரில் ஏற்கெனவே இருந்தன. நான் வாங்கிய கார்டில் என்கோடர் கிடையாது. அதோடு, தனிக் கார்டு ஒன்று செருகப்பட்டால் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பழைய மானிட்டரில் படம் வராததற்கும் குயிக் சிங்க் காணாமல் போனதற்கும் இதுவே காரணம். எக்ஸ்போர்ட் வேலை முழுவதும் பிராசசரின் தலையில் விழுந்து மூன்று மடங்கு நேரம் பிடித்தது. பயோஸ் அமைப்பில் உள் கிராபிக்ஸை எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கும். அது எனக்கு அப்போது தெரியாது.

கடைக்குப் போகும் முன்

நம் ஊரில் தோட்டத்துக்கு மோட்டார் வாங்குபவர் முதலில் கடைக்குப் போவதில்லை. கிணறு எத்தனை அடி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று பார்த்த பிறகுதான் எத்தனை எச்பி என்று முடிவு செய்வார். கார்டுக்கும் அதே வழிதான்.

முதலில் கணினியின் பின்புறம் பாருங்கள். விஜிஏ, எச்டிஎம்ஐ, டிவிஐ, டிஸ்பிளேபோர்ட் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தால், இரண்டு மானிட்டரையும் செருகி, கீபோர்டில் விண்டோஸ் விசையுடன் 'பி' எழுத்தை அழுத்தி, திரையை நீட்டிக்கும் தேர்வைக் கொடுங்கள். வந்துவிட்டால் திரைக் கவலை முடிந்தது.

அடுத்து, பிராசசரின் பெயரைக் கவனியுங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் கிடையாது. 'ஜி' என்று முடிபவற்றில் உண்டு. உள் கிராபிக்ஸ் இல்லாத கணினிக்குக் கார்டு கட்டாயம். மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது.

பழைய விஜிஏ மானிட்டரைப் புதிய கார்டில் இணைக்க வேண்டுமென்றால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். விஜிஏ தொடர்குறி, எச்டிஎம்ஐ இலக்கக்குறி. எனவே அடாப்டருக்குள் மாற்றும் சிப் இருப்பதாக வாங்குங்கள். இரண்டு முனைகளை வெறுமனே இணைத்த கேபிள் உதவாது.

கார்டு இல்லாமலே வேகம் கூட்டலாம்

எடிட்டிங் மென்பொருள் திணறினால் உடனே கார்டைக் குறை சொல்ல வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வேலை நடக்கும்போது மெமரி எத்தனை சதவீதம், டிஸ்க் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் தேவை ராம். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் தேவை எஸ்எஸ்டி. இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கார்டு வாங்கினால் பலன் இருக்காது.

உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ராமையே பகிர்ந்துகொள்கிறது. என் கணினியில் டிடிஆர்4-2400 வகை ராம் ஒன்று இருந்தது. ஒற்றை ராமில் நொடிக்கு 19.2 ஜிபி தரவு போய் வர முடியும். அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தால் இரட்டை வழியாகி 38.4 ஜிபி ஆகும். இரண்டாவது ராமைச் சேர்த்தபோது, கார்டு தராத முன்னேற்றம் எனக்குக் கிடைத்தது.

இன்னும் இரண்டு வழிகளுக்குப் பணமே தேவையில்லை. இன்றைய கைப்பேசிகள் பல எச்.265 என்ற வடிவில் காணொலி எடுக்கின்றன. கோப்பு சிறியதாக இருக்கும். ஆனால் விரிப்பது கடினம். இன்டெல்லில் ஆறாம் தலைமுறையிலிருந்துதான் இதை விரிக்கும் முழு வசதி பிராசசருக்குள் வந்தது. அதற்கு முந்தைய கணினி என்றால், கைப்பேசிக் கேமரா அமைப்பில் எச்.264 வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். எடிட்டிங் உடனே இலகுவாகும்.

இரண்டாவது, 'பிராக்ஸி' வசதி. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்களில் இது உண்டு. பெரிய காணொலிக்குப் பதிலாக அதன் சிறிய நகலை வைத்து எடிட் செய்வோம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் மூலக் காணொலியை எடுத்துக்கொள்ளும். பாடத்துக்குப் படம் வரைய இங்க்ஸ்கேப், ஜிம்ப், கிரிட்டா ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். இவற்றில் நாம் செய்யும் அளவு வேலைக்கு உள் கிராபிக்ஸ் தாராளமாகப் போதும்.

அப்படியானால் கார்டு யாருக்கு?

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழ்க்கண்டவற்றில் ஒன்று பொருந்தினால் வாங்கலாம்.

1. பிராசசரில் உள் கிராபிக்ஸ் இல்லை.
2. பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்கிறீர்கள். இதயம் துடிப்பதையோ கோள்கள் சுற்றுவதையோ உருவாக்கிப் படமாக்க, கார்டு இருந்தால் மணிக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.
3. டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறீர்கள். இந்த மென்பொருள் கார்டையே பெரிதும் நம்பி இயங்குவது.
4. 4கே தெளிவில் எடுத்த காணொலிகளை அடுக்கடுக்காக வைத்து, நிறைய விளைவுகளுடன் எடிட் செய்கிறீர்கள்.

வசன வரி, பவர்பாயிண்ட் பதிவு, குரல் சேர்ப்பு, சாதாரண வெட்டி ஒட்டல், சுவரொட்டி வடிவமைப்பு ஆகியவை மட்டும் உங்கள் வேலை என்றால், இந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை.

கார்டு வாங்கும்போது கேட்க வேண்டியவை

என்கோடர் இருக்கிறதா? குறைந்த விலைக் கார்டுகளில் முதலில் விட்டுவிடப்படுவது இதுதான். என்விடியாவின் ஜிடி 1030, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 ஆகிய இரண்டிலும் காணொலி என்கோடர் இல்லை. திரை காட்டவும் சிறு விளையாட்டுகளுக்கும் அவை பயன்படலாம். காணொலி எக்ஸ்போர்ட்டுக்கு உதவா. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050, இன்டெல்லின் ஆர்க் ஏ310, ஏ380 ஆகியவற்றில் உண்டு. ஆர்க் வகையில் ஏவி1 என்ற புதிய வடிவத்துக்கும் என்கோடர் இருப்பது கூடுதல் நன்மை.

நினைவகம் எவ்வளவு, எந்த வகை? 'எத்தனை ஜிபி' என்று மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. இரண்டிலும் 2 ஜிபிதான். ஆனால் ஜிடிடிஆர்5 வகையில் நொடிக்கு 48 ஜிபி தரவு போய் வரும்; டிடிஆர்4 வகையில் 16.8 ஜிபி மட்டுமே. இது என் கணினியின் ஒற்றை ராமைவிடக் குறைவு! பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் இருப்பதை அவசியம் படியுங்கள். எடிட்டிங் வேலைக்கு 4 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். டாவின்சி ரிசால்வ், பிளெண்டர் என்றால் 6 ஜிபி நல்லது.

மின்சாரம் போதுமா? கார்டு செருகும் துளை அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். நிறுவனங்களுக்கென்று தயாரான சிறிய கணினிகளின் எஸ்எம்பிஎஸ் குறைந்த வாட் உடையது. தனி வயரும் பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்குத் துளையின் மின்சாரத்திலேயே இயங்கும் கார்டுதான் ஏற்றது. 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்டில் இயங்குகிறது. ஆனால் அதே ஆர்டிஎக்ஸ் 3050 பெயரில் உள்ள 8 ஜிபி கார்டுக்குத் தனி மின்வயர் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650-இலும் சில தயாரிப்புகளுக்கு வயர் வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள். நாம் வழக்கமாக வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கணினி, இரண்டு மானிட்டர், கார்டு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் பகுதியில் இது முக்கியம்.

பெட்டிக்குள் இடம் உண்டா? சன்னமான கேபினெட்டுக்குப் பாதி உயரமுள்ள 'லோ புரொஃபைல்' கார்டுதான் பொருந்தும். ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டு போங்கள்.

உங்கள் கணினிக்கு ஒத்துவருமா? இன்டெல் ஆர்க் கார்டுகள் முழு வேகத்தில் இயங்க மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி வேண்டும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளுக்கு அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஜிடி 710 போன்ற பழைய தலைமுறைக் கார்டுகள் இன்னும் விற்பனைக்கு வரும். அவற்றுக்கான வழக்கமான டிரைவர் மேம்பாடு 2021-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். எத்தீரியம் என்ற மின்பணத்தைக் கார்டுகளை வைத்து உருவாக்கும் முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. இரவு பகலாக அந்த வேலையில் ஓடிய கார்டுகள் பல பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றில் விசிறி தேய்ந்திருக்கலாம். விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, திரையில் கோடோ புள்ளியோ வருகிறதா, விசிறி சத்தம் போடுகிறதா என்று பாருங்கள்.

போலிகளும் உண்டு. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ வகைக் கார்டுக்குள் இருக்கும் தகவலை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்றிருக்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே நம்பிக் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். அதை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். விஜிஏ துளை உள்ள '1050 டிஐ' கார்டைக் கண்டால் அப்போதே சந்தேகப்படலாம். அந்தத் தலைமுறையின் சிப்பில் விஜிஏ வெளியீடே இல்லை.

புதிது என்றால் ஜிஎஸ்டி பில்லுடன், இந்தியாவில் வாரண்டி உள்ளதை வாங்குங்கள். சேலம், ஈரோடு கடைகளில் கேட்ட விலையை இணைய விலையுடனும் சென்னை ரிச்சி தெரு விலையுடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வகைப் பொருளின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

பள்ளிக்கு வாங்கும்போது

உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளை எந்தக் காரணத்துக்காகவும் நாமாகத் திறக்க வேண்டாம். அவை அரசு உடைமை; பராமரிப்புப் பொறுப்பும் நம்முடையது அல்ல. நன்கொடையாக வந்த கணினி என்றாலும், புதிதாகச் சேர்க்கும் ராம், கார்டு, அடாப்டர் ஆகியவற்றை வரிசை எண்ணுடன் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். நாம் மாறுதலில் போன பிறகு வருபவருக்கு அது உதவும்.

இன்னொன்று. வாங்கும் முன், தலைமை ஆசிரியரிடமோ மேலாண்மைக் குழுவிடமோ ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள். இப்போது எந்த வேலை தடைபடுகிறது? அந்தத் தடைக்குக் காரணம் எது என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? இந்தப் பொருள் வந்தால் என்ன மாறும்? இந்த மூன்று வரியை எழுத முடியவில்லை என்றால் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள். நான் அன்று எழுத முயன்றிருந்தால் முதல் வரியோடு நின்றிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில்

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கார்டு தேவையில்லாத செலவு, தவறு என்னுடையது என்றேன். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயை என் கையிலிருந்து திருப்பிக் கட்டிவிட்டுக் கார்டை நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பணத்தில் இன்னொரு ராமும் ஒரு நல்ல மைக்கும் வாங்கினோம். மைக் வந்ததில், நான் எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. பதிவில் ஒலி தெளிவாக இருந்ததால், வசன வரிக்காகத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய வேலை குறைந்தது.

அன்று கேள்வி கேட்டவர் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து, "எங்க தோட்டத்துலயும் இப்படித்தானுங்க டீச்சர். முதல் மோட்டார் தப்பாத்தான் வாங்கினோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு ஆறு பாடங்களுக்கு வசன வரி சேர்த்து முடித்தேன். இடது திரையில் காலக்கோடு, வலது திரையில் பாடநூல். அந்த மாணவி மதிய உணவு வேளையில் வந்து உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு நாள் திரையில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினாள். 'அமிலம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஆமிலம்' என்று நான் தட்டியிருந்தேன். திருத்தினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காணொலியையும் முதலில் அவள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மற்ற மாணவர்களுக்கு அனுப்புகிறேன்.

காலாண்டுத் தேர்வுக்கு அவளுக்குக் கிடைக்காமல் போன அந்த மூன்று பாடங்களை நான் மறக்கவில்லை. உங்கள் பள்ளியிலும் ஏதோ ஒரு வேலை ஏதோ ஒரு கருவிக்காகக் காத்திருக்கலாம். கருவியைத் தேடும் முன் வேலையைப் பாருங்கள். 'எதுக்குங்க?' என்று யாராவது கேட்பதற்கு முன்பே நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

(கட்டுரையாளர் நாமக்கல் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர்.)